டயர்க்காரர்கள் போட்டுக்கொடுத்த வழி

காரில் ஊர் சுற்றக் கிளம்பினால் ஒரு கோட்டை, ஒரு மலை, பெயர்போன ஒரு சாப்பாட்டுக்கடை என்று மூன்றையும் ஒரே வழியில் கோத்துக்கொள்கிறோம். இந்தப் பழக்கத்தை வளர்த்ததில் பெரும்பங்கு டயர் வியாபாரிகளுடையது.

பிரான்சின் நடுப்பகுதியில், ஓய்ந்துபோன எரிமலைகளின் அருகே உள்ள ஊர் கிளர்மோன் ஃபெரான். அங்கே ஆந்திரே, எதுவார் என்ற மிஷ்லென் சகோதரர்கள் ரப்பர் தொழிற்சாலை நடத்தினார்கள். 1900இல் பிரான்ஸ் முழுக்கத் தேடினாலும் 3,000 கார் தேறாது. கார் ஓடினால்தான் டயர் தேயும், தேய்ந்தால்தான் விற்கும். ஆனால் ஊர் எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் எங்கே கிடைக்கும்? வண்டி நின்றுவிட்டால் யார் சரிசெய்வார்? ராத்திரி எங்கே தங்குவது? இந்தப் பயம் தீர்ந்தால் ஜனங்கள் தாமே கிளம்புவார்கள் என்று அண்ணன் தம்பி இருவரும் கணக்குப் போட்டார்கள். பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்த அந்த ஆண்டிலேயே, சிவப்பு அட்டை போட்ட கையேடு ஒன்றை 35,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். டயர் மாற்றும் முறையும், ஊர்வாரியாக மெக்கானிக், பெட்ரோல் கடை, விடுதி விவரங்களும் அதில் இருந்தன.

1910இல் சாலை வரைபடங்கள் வந்தன. வரலாறு வந்து சேர்ந்தது துயரத்தின் வழியாக. முதல் உலகப்போர் முடியும் முன்பே, 1917இல், போர்க்களங்களுக்கு வழிகாட்டும் நூல்களை வெளியிடத் தொடங்கினார்கள். இடிந்த ஊர்களில் என்ன நடந்தது என்று அவை இடம் இடமாகச் சொல்லின.

1926இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள். அதே ஆண்டில் பிரித்தானி கடற்கரைப் பகுதிக்கான சுற்றுலாக் கையேடும் வந்தது. 1930களில் நட்சத்திரம் மூன்று படியானது. ஒன்று என்றால் நல்ல சாப்பாடு. இரண்டு என்றால் வழியை விட்டு விலகியாவது போகலாம். மூன்று என்றால் அதற்கென்றே பயணம் கிளம்பலாம். பார்க்கவேண்டிய இடங்களுக்கும் இதே அளவுகோல்தான். பழைய தேவாலயமானாலும், மலைப் பள்ளத்தாக்கானாலும், சமையலானாலும் கேள்வி ஒன்றே: இதற்காக எவ்வளவு தூரம் வரலாம்?

1933இல் யூஜெனி பிரசியே என்ற பெண்மணி நடத்திய இரண்டு உணவகங்களுக்கும் மும்மூன்று நட்சத்திரங்கள் கிடைத்தன. ஒன்று லியோன் நகரத்துக்குள் இருந்தது. மற்றொன்று நகரத்துக்கு வெளியே, லுயேர் கணவாயில், மலையேறித்தான் போகவேண்டும். அவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், வீட்டு வேலைக்குப் போய்ப் பிழைத்தவர்.

டயர் விற்கப் பிறந்த யோசனைதான். ஆனாலும் அது ஓர் அரிய நியாயத்தைச் செய்தது. வேலைக்காரியாக இருந்த ஒரு பெண்ணின் கைப்பக்குவத்தை, மன்னர்கள் கட்டிய கோட்டைகளுக்குச் சமமான வரிசையில் வைத்தது. ஓர் ஊரின் கல்லையும் மண்ணையும் பார்க்க வருகிறவர், அந்த ஊர் அடுப்பையும் மதித்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் பயணம் முழுமையாகும்.