ஆபாத் என்னும் சொல்லும் ஈரானிய நகரங்களும்

ஹைதராபாத், வாலாஜாபாத் என ஊர்ப் பெயர்களின் இறுதியில் நிற்கும் ‘ஆபாத்’ என்னும் சொல்லை நாம் பொருள் நோக்காமலே சொல்லி வருகிறோம். பாரசீக மொழியில் மக்கள் குடியேறிச் செழித்த இடத்தைக் குறிக்கும் சொல் அது. அதன் எதிர்ச்சொல் ‘வீரான்’, அதாவது பாழ். ‘ஆப்’ என்றால் நீர். ஆகவே நீருள்ள இடமே ஆபாத் என்று பாமர மக்கள் விளக்கம் சொல்வதுண்டு. மொழிநூலார் இதனை ஏற்பதில்லை. ஆயினும் ஈரானிய நகரங்களின் வரலாற்றைப் பார்க்கும்போது, பாமரர் விளக்கமே உண்மையை நெருங்கி நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது.

பாலைவனத்தின் நடுவே அமைந்த யஸ்து நகரை எடுத்துக்கொள்வோம். தொலைவிலுள்ள மலையடிவாரத்து ஊற்றுநீரை மண்ணுக்கடியில் சுரங்கம் வெட்டி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். இதற்குக் கனாத் என்று பெயர். ஸார்ச் என்னும் கனாத், நகரின் ஜும்ஆப் பள்ளிவாசலுக்கு அடியிலேயே செல்கிறது. படிகளில் இறங்கி அந்நீரை அடையலாம். கனாத்து நீரைப் பங்கிடும் முறை வியப்புக்குரியது. அடியில் சிறு துளையிட்ட செம்புக் கிண்ணத்தை நீர்ப் பாத்திரத்தில் மிதக்கவிடுவார்கள். அது நிறைந்து மூழ்கும் நேரமே ஓர் அளவு. ஒவ்வொரு நிலத்துக்கும் இத்தனை கிண்ணம் என்று கணக்கு உண்டு. ஒரு கிண்ணம் கூடினாலும் அடுத்தவர் பங்கு குறையும் என்பதால் எண்ணுபவரின் நேர்மையை நம்பியே ஊர் வாழ்ந்தது.

நாம் ஜமாஅத் எல்லையைக் குறிக்க வழங்கும் ‘மஹல்லா’ என்னும் சொல்லே அங்குக் குடியிருப்புப் பகுதிக்கும் பெயர். பள்ளிவாசல், குளிப்பிடமாகிய ஹம்மாம், குளிர்ந்த நீர் தேக்கும் ஆப் அன்பார், சிறு கடைத்தெரு ஆகியவை கூடிய இடமே மஹல்லாவின் நடுவிடம். கதவுகளில் ஆடவர்க்கொன்றும் பெண்டிர்க்கொன்றுமாக இரு தட்டுவளையங்கள் இருக்கும். ஓசையைக் கொண்டே வந்தவர் ஆணா, பெண்ணா என்று வீட்டார் அறிந்துகொள்வர்.

இஸ்ஃபஹானை ஷா அப்பாஸ் 1598இல் தலைநகராக்கினார். அவர் அமைத்த மைதானத்தைப் புகழாதவர் இல்லை. நமக்கோ, அங்கிருந்து புறப்பட்டு, பல நூற்றாண்டுகள் மூத்த ஜும்ஆப் பள்ளிவரை செல்லும் கூரையிட்ட பஜாரே பெரிதாகப் படுகிறது. வக்ஃபு செய்யப்பட்ட கடைகளின் வாடகை பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் தாங்கிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சஹார்பாக் மதரஸாவுக்கு அருகிலேயே ஒரு கடைத்தெருவும் வணிகர் தங்கும் சத்திரமும் கட்டி, அவற்றின் வருவாயை அதற்கே அளித்தார்கள். அந்தச் சத்திரம் இன்று தங்கும் விடுதியாக இருக்கிறது.

1930களில் ரெஸா ஷாவின் ஆட்சியில் நேர்க்கோட்டுச் சாலைகள் மஹல்லாக்களை ஊடறுத்துச் சென்றன. பின்னர் வசதியுள்ள குடும்பங்கள் புதிய பகுதிகளுக்குப் பெயர்ந்தன. சுவர்கள் நின்றன, ஆட்கள் குறைந்தார்கள். 2017இல் யஸ்து உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதனால் கட்டடங்களுக்குக் காவல் கிடைத்ததே தவிர, வெளியேறிய குடும்பங்கள் எல்லாம் திரும்பிவிடவில்லை.

இஸ்ஃபஹானின் ஆற்றுக்கு ஸாயந்தே ரூத், அதாவது உயிர் தரும் ஆறு என்று பெயர். இந்நூற்றாண்டில் அது ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கிறது. மழைக்குறைவு ஒரு காரணம். மேற்பகுதியில் மிகுதியாக நீர் எடுப்பதும், குழாய்வழி வேற்று மாநிலங்களுக்கு அனுப்புவதும் மற்றவை. அவ்வாறு நீர் பெறும் ஊர்களில், கிண்ணத்தால் நீரளந்த யஸ்தும் ஒன்று! 2021 நவம்பரில் உழவர்கள் வறண்ட ஆற்றுமணலில் திரண்டு தம் பங்கைக் கேட்டார்கள்.

1650 அளவில் கட்டப்பட்ட காஜூ பாலத்தின் வளைவுகளுக்கடியில் மாலைதோறும் ஊரார் கூடிப் பாடுவது வழக்கம். ஆற்றில் நீரில்லாத நாட்களிலும் அவர்கள் அங்கே வந்து அமர்கிறார்கள்.