மீயொலிப் பரிசோதனை: சான்றிதழுக்குக் காசு கட்டுமுன் அறிய வேண்டியவை

போரால் 1990இல் நின்றுபோன தலைமன்னார் புகையிரத சேவை, 2015 மார்ச் 14 அன்று மீண்டும் தொடங்கியது. மன்னார் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளும் 103.5 மெகாவாற் திறனும் கொண்ட 'தம்பபவனி' மின்நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. தண்டவாளமும் காற்றாலைக் கோபுரமும் உருக்கால் ஆனவை. உருக்கின் உள்ளே இருக்கும் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. வெட்டாமல், உடைக்காமல் அதைக் கண்டுபிடிக்கும் தொழில்தான் மீயொலிப் பரிசோதனை. உயர்தரம் முடித்த பிள்ளைகளும் வெல்டிங் படித்தவர்களும் வெளிநாட்டு வேலை பற்றி என்னிடம் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். உருக்கைச் சோதிக்கப் பெரும்பாலும் 20 முதல் 50 இலட்சம் ஹேர்ட்ஸ் வரையான ஒலி பயன்படுகிறது. கர்ப்பிணிகளின் ஸ்கேனில் போலவே ஜெல் பூசி, கருவியின் முனையை உலோகத்தில் வைப்பார்கள். ஒலி உருக்கில் செக்கனுக்குச் சுமார் 5,900 மீற்றர் வேகத்தில் செல்லும். எதிரொலி ஒரு செக்கனின் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், அது பட்டுத் திரும்பிய இடம் 29.5 மில்லிமீற்றர் ஆழத்தில் உள்ளது. தகட்டின் அடிப்பக்க எதிரொலிக்கு முன்பே இன்னொன்று வந்தால், உள்ளே குறை இருக்கலாம். உப்புக்காற்றில் துருவேறிய குழாய், தாங்கி, கப்பல் தகடு ஆகியவற்றில் மிச்சமுள்ள தடிப்பையும் இப்படியே அளப்பார்கள். எக்ஸ்ரே சோதனையிலுள்ள கதிர்வீச்சு ஆபத்து இதில் இல்லை.

இத்துறையில் மூன்று நிலைகள் உண்டு. முதலாம் நிலையினர் மேற்பார்வையின் கீழ் அளப்பர். இரண்டாம் நிலையினர் முடிவைத் தீர்மானித்து அறிக்கையில் ஒப்பமிடுவர். மூன்றாம் நிலையினர் சோதனை முறைகளை வகுப்பர்.

சான்றிதழ்களில் இரண்டு வகை உண்டு. ஐ.எஸ்.ஓ 9712 முறையில் சுயாதீன அமைப்பொன்று பரீட்சை வைத்து வழங்குவது ஒன்று. அது 5 ஆண்டுகள் செல்லுபடியாகும். நீங்கள் கம்பனி மாறினாலும் உங்களுடனேயே இருக்கும். அதற்குப் பயிற்சி, பரீட்சை, வேலை அனுபவம், கண் பரிசோதனை ஆகிய நான்கும் வேண்டும். கண்ணாடி அணிவது தடையல்ல. எஸ்.என்.ரி-ரி.சி-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டலின்படி வேலை கொடுப்பவரே வழங்குவது மற்றையது. அந்த வேலையை விட்டால், புதிய முதலாளி மறுபடியும் தகுதி பார்த்து வழங்க வேண்டும்.

ஆகவே, சில நாட்களில் 'இரண்டாம் நிலை' எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், நகையை அடகு வைக்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். சான்றிதழ் எந்த முறையில் வழங்கப்படுகிறது? ஒப்பமிடுவது யார்? அனுபவத்தை எங்கே பெறுவது? கருவியை எத்தனை மணிநேரம் கையில் தருவார்கள்?

இலங்கை அணுசக்தி சபையின் கீழ் இத்துறைக்கான தேசிய மையம் களனியில் உள்ளது. முதலில் அங்கே விசாரியுங்கள். வகுப்பு எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் கேட்டு, தங்குமிடச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாம் நிலையுடன் உள்ளூரில் அனுபவம் சேர்த்துக்கொண்டு வெளிநாடு போகிறவருக்கு, முகவரின் வாக்குறுதியை மட்டும் நம்ப வேண்டிய தேவை இராது.