ஊர்க் காணியும் அயலவர் எல்லையும்: புலத்தில் இருப்போர் கவனிக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்து ஊர்களில் வேலிச் சண்டை புதிதல்ல. வேலி அடைக்கும் காலத்தில் கதியால் ஒரு சாண் உள்ளே வரும். அயல்வீட்டார் கண்டவுடன் சத்தம் போடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து நூல் பிடித்துப் பார்த்துத் தீர்த்து வைப்பார்கள். இன்று பல வேலிகளின் ஒரு பக்கத்தில் வீடு பூட்டிக் கிடக்கிறது. உரிமையாளர்களாகிய நாம் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிறோம். கதியால் நகர்ந்த செய்தி நமக்கு வரும்போது அந்த இடத்தில் மதில் எழும்பியிருக்கும். காணி எதுவரை என்று சொல்லத் தெரிந்த தலைமுறையும் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே தகராறு வருவதற்கு முன்பே, அயலவரோடு சேர்ந்து எல்லையை உறுதிப்படுத்திக்கொள்ள என்ன செய்யலாம் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

உறுதியை வாசித்தல்

பழைய உறுதிகளில் நான்கு எல்லைகளும் பெரும்பாலும் ஆட்களின் பெயராலேயே சொல்லப்பட்டிருக்கும்: கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை என்று. அந்த ஆட்கள் இன்று இல்லை. அவர்களுடைய காணியும் சீதனமாகவும் முதுசமாகவும் பலமுறை பிரிந்திருக்கும். இப்போது அந்தப் பக்கத்தில் இருப்பது யாருடைய துண்டு என்று விசாரித்து எழுதி வைப்பதே முதல் வேலை.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு, ஒரு பரப்புக்கு 10 பேர்ச் என்பதே நமக்குப் பழகிய கணக்கு. இது வரகு விதைப்புக் கணக்கு. இதில் ஒரு பரப்பு 18 குழி. நெல் விதைப்புக் கணக்கில் அது 12 குழிதான். எனவே பழைய வயல் உறுதியில் நெல் விதைப்பாக எழுதப்பட்ட 6 பரப்பு, வரகுக் கணக்கில் 4 பரப்பே. இதைக் கவனிக்காமல், அயலவர் இரண்டு பரப்பைப் பிடித்துவிட்டார் என்று சண்டைக்குப் போகக்கூடாது.

போர்க்காலத்தில் உறுதி தொலைந்திருந்தால் அந்தப் பகுதிக்குரிய காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி கேட்கலாம். நொத்தாரிசுமார் தாம் நிறைவேற்றும் உறுதிகளின் ஒரு பிரதியை அங்கே அனுப்புவது நடைமுறை.

அயலவரை வைத்து அளத்தல்

உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டே அளக்க வேண்டும். அளக்கும் நாளை அயலவர் எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவித்து, அவர்களை வரச் சொல்லுங்கள். அவர்களிடம் பழைய உறுதியோ வரைபடமோ இருந்தால் அதையும் அளவையாளர் பார்க்கட்டும். நாம் மட்டும் விடுமுறையில் வந்து, ஒருவருக்கும் சொல்லாமல் அளந்து கல் நட்டுவிட்டுப் போனால், நாம் விமானம் ஏறியதும் அந்தக் கல்லும் போய்விடும்.

கிளுவை, பூவரசு போன்ற உயிர்வேலிகள் வருடக் கணக்கில் பருத்துச் சரிந்திருக்கும். வேலி நிற்கும் இடமெல்லாம் எல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. எல்லையில் நிற்கும் பனை யாருக்கு, பங்குக் கிணற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு, கிணற்றுக்குப் போகும் வழி எது என்பவற்றையும் அன்றே பேசி, வரைபடத்தில் குறிக்கச் செய்யுங்கள்.

வளைந்த எல்லையை நேராக்க இருவரும் ஒப்புக்கொண்டால் வாய்ப்பேச்சு போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி கைமாறுவது நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். புதிய வரைபடத்தையும் அந்த உறுதியோடு சேர்த்துப் பதிந்துவிடுங்கள்.

காலம் ஏன் முக்கியம்

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையூறின்றிக் காணியை ஆண்டவர் உரிமை கோர இடம் கொடுக்கிறது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போரினால் தமது உரிமையைக் கேட்க முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட வழி செய்தது. ஆனால் 2009க்குப் பிறகு ஒரு பத்தாண்டு எப்போதோ முடிந்துவிட்டது. வெளிநாட்டில் இருந்தோம் என்ற காரணம் எல்லோருக்கும் உதவாது; அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

அனுமதியோடு இருப்பவருக்கு இந்த உரிமை எளிதில் வராது. ஆகவே காணியைப் பார்க்கும் உறவினரோ, தோட்டம் செய்யும் அயலவரோ, நமது அனுமதியுடன் இருக்கிறார் என்பதைக் கடிதமாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இதைச் சந்தேகமாக எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மனக்கசப்பும் வராது.

நமக்காக ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதானால், அளப்பது, வேலி அடைப்பது, அலுவலகங்களில் தோன்றுவது என்று வேலைகளைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். தேவையில்லாமல் விற்கும் அதிகாரத்தைச் சேர்க்க வேண்டாம்.

தகராறு வந்துவிட்டால்

மத்தியஸ்த சபையில் சட்டத்தரணி இல்லாமலே இரு தரப்பும் நேரில் பேசலாம். எல்லைச் சண்டைகள் பலவற்றுக்கு அதுவே நல்ல தொடக்கம். சண்டை அமைதிக்குப் பங்கம் வரும் அளவுக்குப் போனால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே காணி யாருக்குச் சொந்தம் என்பது தீர்க்கப்படுவதில்லை. யாருடைய கையில் இருந்தது என்பதே பார்க்கப்படும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் பாதுகாப்புப் பெற, அது முறைப்பாட்டுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் நடந்திருக்க வேண்டும். அடுத்த கோடை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு அந்த வழி மூடிவிடும். சொத்துரிமையையும் எல்லையையும் முடிவாகத் தீர்ப்பது மாவட்ட நீதிமன்றம். அதற்கு ஆண்டுகள் செல்லும்.

இவை பொதுவான விளக்கங்களே. ஒவ்வொரு காணிக்கும் அதன் உறுதியைப் பார்த்த சட்டத்தரணியின் ஆலோசனை தேவை. அதற்கு முன் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஊரில் இருக்கும் மூத்தவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, நமது காணியின் நான்கு மூலைகளிலும் என்ன அடையாளம் இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே பக்கத்துக் காணிக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி, அவரோடும் ஒரு வார்த்தை பேசுங்கள்.