ஞாயிற்றுக்கிழமை யாருக்கு? – ஆலைத் தம்பதிகளின் அன்றாடம் குறித்துச் சில குறிப்புகள்

1

வேலைநிறுத்தங்களின் தேதிகள் எனக்கு மனப்பாடம். எந்த ஆலையில் எந்த வருஷம் கதவடைப்பு, எந்த ஒப்பந்தத்தில் பஞ்சப்படி எவ்வளவு ஏறியது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லிவிடுவேன். கொஞ்ச நாளைக்கு முன்னால் சங்க மலருக்காக ஒரு வரலாறு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த என் மனைவி, "ஏனுங்க, நாம பவானிசாகர் போனோமே, அது எந்த வருசமுங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. "கல்யாணமாகி ஏழாவது மாசமுங்க. அன்னிக்குத்தான் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு வந்துச்சு."

இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. தொழிலாளி வர்க்க வரலாறு என்று நாம் எழுதிவைத்திருப்பதில் கூலி இருக்கிறது, நேரம் இருக்கிறது, துப்பாக்கிச்சூடு இருக்கிறது. புதிதாகக் கல்யாணம் செய்துகொண்ட இரண்டு பேர் ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் விழித்த நிலையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்பது இல்லை. அன்றாடம் என்பது அரசியலுக்கு வெளியே கிடக்கும் மிச்சசொச்சம் அல்ல, முதலாளியம் தன்னை மறு உற்பத்தி செய்துகொள்ளும் இடமே அதுதான் என்று பிரான்சில் ஹென்றி லெஃபெவர் 1947லிருந்து எழுதிவந்தார். அதை நாமும் படித்தோம், விவாதித்தோம். விவாதம் முடிந்து வீட்டுக்குப் போனபோது சோறு மூடி வைக்கப்பட்டிருந்தது.

2

வார விடுமுறை என்பது வெள்ளைக்காரன் மாதாகோயிலுக்குப் போவதற்காக ஏற்படுத்தியது, நமக்கு ஓசியில் கிடைத்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மை வேறு. பம்பாய் ஆலைகளில் ஞாயிறு விடுமுறைக்காகப் போராடியவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் இயக்கத்தைச் சேர்ந்தவர். 1884ல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பத்தோடு மனு கொடுத்தார். 1890ல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். ஞாயிறு என்பது கண்டோபா சாமியின் நாள் என்பதும் லோகாண்டே தரப்பின் வாதங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அதாவது, ஏசுவின் நாளையல்ல, தங்கள் குலசாமியின் நாளைத்தான் அந்த மராட்டியத் தொழிலாளர்கள் கேட்டார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த பெருங்கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் மேடையேறிப் பேசினார்கள் என்று பதிவு இருக்கிறது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமையை எதற்காகக் கேட்டார்கள் என்று அறிய ஆசைப்படுகிறேன்.

அதற்கு முன்பு ஓய்வே இல்லாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அமாவாசை அன்று ஏர் பூட்டுவதில்லை. தச்சர், நெசவாளர் பலருக்கும் அமாவாசை ஓய்வு நாள். இங்கிலாந்தின் கைவினைஞர்கள் ஞாயிறோடு திங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அதற்குப் 'புனிதத் திங்கள்' என்று பேரும் வைத்திருந்ததைப் பற்றி இ.பி.தாம்ப்சன் 1967ல் எழுதிய கட்டுரை தெரிந்ததுதான். ஆலைச் சங்கு இந்த நிலாக் கணக்கை அழித்துக் கடிகாரக் கணக்கைக் கொண்டுவந்தது. 1891ன் தொழிற்சாலைச் சட்டம் வாராந்திர விடுமுறையைச் சட்டமாக்கியது. 1922ல் வாரத்துக்கு 60 மணி, 1934ல் 54 மணி, 1946ல் 48 மணி என்று வேலைநேரம் இறங்கியது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் பின்னால் ரத்தம் இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

சொல்ல வந்தது வேறு. இந்தச் சட்டங்கள் எல்லாம் தனித்தனி உடல்களுக்கான ஓய்வைத்தான் பேசின. ஒரு உடல் களைத்தால் உற்பத்தி குறையும், ஆகவே ஓய்வு. இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் நேரம் வேண்டும் என்பது எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படவில்லை.

3

கோயமுத்தூரில் முதல் பஞ்சாலை 1888ல் வந்தது. ஆனால் ஊர் ஆலை ஊராக மாறியது 1930களில். 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது, சங்குகள் பெருகின. மின்சாரம் எந்திரத்தை மட்டும் ஓட்டவில்லை. இரவையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மூன்றாக நாள் வெட்டப்பட்டது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆலையில் இருந்தோம். நான் ஸ்பின்னிங், அவள் வைண்டிங். கல்யாணம் 1984ல். பெண்களை இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வேலை வாங்கக்கூடாது என்று 1948ன் சட்டம் சொன்னதால் அவளுக்கு எப்போதும் பகல் ஷிப்ட். காலை ஏழிலிருந்து மூன்றரை. எனக்கு வாரத்துக்கு வாரம் மாறும். கணக்கைப் பாருங்கள். பகல் ஷிப்ட் வாரத்தில் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருவோம். அரை நைட் வாரத்தில் மூன்றரைக்கு அவள் வெளியே வருவாள், நான் உள்ளே போவேன். தூக்குப்போசி கேட்டில் கை மாறும். நான் நடுச்சாமத்தில் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் நாலரைக்கு எழுந்திருக்கும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். முழு நைட் வாரத்தில் காலை ஏழு மணிக்கு அதே கேட்டில் திசை மாறிப் பார்த்துக்கொள்வோம். காவலாளி ஒருவர், "அட, புருசன் பொஞ்சாதிக்கு கேட்டுத்தான் ஊடு" என்று சிரிப்பார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1955ன் இந்துத் திருமணச் சட்டத்தில் 9ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தகுந்த காரணமில்லாமல் விலகி வாழும் கணவனையோ மனைவியையோ சேர்ந்து வாழும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். வேலையின் பொருட்டு வெளியூரில் இருந்த மனைவி அந்த வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் எனும் பொருளில் பஞ்சாப் உயர்நீதிமன்றம் 1964ல் தீர்ப்பளித்தது. 1983ல் ஆந்திர உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவைச் செல்லாது என்றது. அடுத்த வருஷமே உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. ஆக, பெண்டாட்டி வீட்டுக்கு வர மறுத்தால் அரசு தலையிடும். ஷிப்ட் முறை இரண்டு பேரையும் வருஷக்கணக்கில் பிரித்து வைத்தால் அது நிர்வாக வசதி. சேர்ந்து வாழ்தல் என்பது சட்டத்தின் பார்வையில் ஆணின் உடைமை பற்றிய விஷயமாக இருந்ததே ஒழிய நேரம் பற்றிய விஷயமாக இருக்கவில்லை.

4

ஆலையின் காலண்டர் ஒன்று என்றால், சாதி-குடும்பக் காலண்டர் இன்னொன்று. கல்யாணமான முதல் வருஷத்தைச் சடங்குகளை வைத்து எண்ணிப் பாருங்கள். ஆடி வந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். சித்திரை வெயிலில் பிரசவம் ஆகக்கூடாது என்று அதற்கொரு காரணமும் சொல்வார்கள். தலை தீபாவளிக்கு மாமனார் வீடு. அங்கே மாப்பிள்ளை திண்ணையில், பெண் அடுப்படியில். அப்புறம் பொங்கச் சீர். பிறகு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு, அதன்பின் பிரசவத்துக்குத் தாய்வீடு. இத்தனை விசேஷங்களில் ஒன்றுகூடத் தம்பதியை இரண்டு பேராக விடுவதில்லை. சம்பந்தி வீடுகளுக்கிடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு அவர்கள் சாக்கு.

இதை உடைக்க வந்ததுதான் சுயமரியாதைத் திருமணம். 1928லிருந்து நடந்துவந்து, 1967ல் அண்ணா ஆட்சியில் சட்ட ஏற்புப் பெற்ற வரலாறு நமக்குப் பெருமை. எங்களுடையதும் அப்படித்தான், தாலி இல்லை, ஐயர் இல்லை. ஆனால் நான்கு மணி நேரம் பேச்சு இருந்தது. பதினோரு பேர் வாழ்த்துரை. மணமக்கள் சமூகத்துக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். மணப்பெண்ணுக்குப் பசிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, என்னையும் சேர்த்து.

மூன்றாவதாக ஒரு காலண்டர் சினிமா வழியே வந்தது. தேனிலவு என்கிற சொல்லே ஆங்கில வழக்கிலிருந்து வார்க்கப்பட்டது. ஸ்ரீதரின் 'தேன் நிலவு' 1961ல் காஷ்மீரில் படம்பிடிக்கப்பட்டு வந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1956ல், மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை வந்திருந்தது. மலைவாசஸ்தலம் என்பதே ஆள்வோருக்கு உரியதாகத்தான் தொடங்கியது. உதகமண்டலம் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899லும் உதகைக்கு 1908லும் ரயில் ஏறியது. கோயமுத்தூரில் நின்று பார்த்தால் அந்த மலை கண்ணுக்குத் தெரியும். எங்கள் லைன் வீட்டு வரிசையில் ஊட்டிக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வந்த ஜோடி ஒன்றுகூட இல்லை.

எங்களுக்கு வாய்த்தவை அணைக்கட்டுகள். 1955ல் கட்டி முடித்த பவானிசாகர், 1962ல் முடிந்த ஆழியாறு. பாசனத்துக்காக அரசு கட்டிய அணையின் கீழே ஒரு பூங்கா. காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். அது போக மருதமலை, அப்புறம் இரண்டாவது ஆட்டம் சினிமா. லைன் வீட்டில் ஒரே அறை, நடுவில் புடவைத் திரை, திரைக்கு அந்தப் பக்கம் மாமியார், மைத்துனன். இருட்டும் தனிமையும் ஒருசேரக் கிடைத்த இடம் சினிமாக் கொட்டகைதான். வெகுஜன சினிமாவைப் போதை என்று கட்டுரை எழுதிய நாங்கள், அந்த இருட்டு எவ்வளவு பேருக்கு வீடாக இருந்தது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

5

பவானிசாகர் போன நாளுக்கு வருகிறேன். ஆலை ஏழு நாளும் ஓடத் தொடங்கியிருந்தது. வார ஓய்வு ஆளுக்கொரு நாள். சட்டம் அதை அனுமதித்தது, ஞாயிறுக்குப் பதில் வேறொரு நாள் கொடுத்தால் போதும். எனக்குச் செவ்வாய் என்றால் அவளுக்கு வெள்ளி. அந்த ஒரு வாரம் எப்படியோ ஒத்துவந்தது. அவள் மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கட்டினாள், வீட்டில் இருப்பவர்களுக்கும் சமைத்து வைத்தாள். அணைக்குப் போய்ச் சேர்ந்ததும் புல்தரையில் மர நிழலில் உட்கார்ந்தோம். பத்து நிமிஷத்தில் அவள் தூங்கிவிட்டாள். இரண்டரை மணி நேரம் தூங்கினாள். எழுந்ததும் சாப்பிட்டோம். ஆறு மணிக்குச் சங்கத்தில் செயற்குழு இருந்ததால் நான் அவசரப்படுத்தினேன், மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தோம். அவள் ஞாபகத்தில் வைத்திருக்கும் விடுமுறை இதுதான்.

இங்கே ஆலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போவது நேர்மையாகாது. முழு நைட் வாரத்தில் மாலை நாலு மணியிலிருந்து இரவு பதினோரு மணி வரை எங்களுக்கு நேரம் இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு வாரம், ஏழு மாலைகள். அவற்றை நான் சங்கத்துக்குக் கொடுத்தேன். டீக்கடையில், வாசகசாலையில், நடுராத்திரி வரை ஓய்வுநேரம் பற்றி மார்க்ஸ் சொன்னதைப் பேசினோம். அதே மாலைகளில் அவள் துவைத்தாள், ரேஷன் வரிசையில் நின்றாள், அடிபம்பில் தண்ணீர் அடித்தாள். வார ஓய்வு நாள் அவளுக்கு ஆலை நாளைவிட நீளமானது. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஆண்கள் கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கும் நாள், அவ்வளவு எண்ணெய்த் துணியையும் எச்சில் பாத்திரத்தையும் யாரோ கழுவுகிற நாளும்தானே? எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேர உறக்கம் என்ற முழக்கத்தை மேடையில் நான் சொன்னபோது, "இதுல எனக்கு எதுங்க எட்டு?" என்று அவள் ஒருமுறை கேட்டதுண்டு. நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

1986ல் ஒரு நாள் வைண்டிங்கிலிருந்து இரண்டு பெண்கள் செயற்குழுவுக்கு வந்தார்கள். ஒருத்தி என் மனைவி. ஒரே ஆலையில் வேலை செய்கிற புருசன் பெண்டாட்டிக்கு வார ஓய்வு ஒரே நாளில் வர வேண்டும், இதை நிர்வாகத்திடம் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாகத்துக்கு ஒரு பைசா செலவில்லாத கோரிக்கை. தோழர்கள் சிரித்தார்கள். "இதெல்லாம் கட்டில் பிரச்சினை, சங்கப் பிரச்சினை இல்லே" என்றார் ஒருவர். அந்தப் பெண்கள் வெளியே போனார்கள். தீர்மானப் புத்தகம் எழுதும் வேலை என்னிடம் இருந்தது. பஞ்சப்படி, போனஸ், கேன்டீன் என்று வரிசையாக எழுதினேன். இதை எழுதவில்லை. ஆவணங்களில் பெண்களின் குரல் இல்லை என்று ஆய்வாளர்கள் ஆதங்கப்படுகிறார்கள். ஆவணத்தை எழுதிய கையில் ஒன்று இது.

6

பழைய கதைதானே, இப்போது எதற்கு என்று கேட்கலாம். 1990களின் பிற்பகுதியிலிருந்து கொங்குப் பகுதி ஆலைகளில் 'சுமங்கலித் திட்டம்' போன்ற பேர்களில் கல்யாணமாகாத இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கும் முறை பரவியது. மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது பேச்சு. கேம்ப் கூலி என்று சனங்கள் அதைச் சொன்னார்கள். கல்யாணமானவர்களுக்கு அதில் இடமில்லை. ஷிப்ட் எங்கள் நேரத்தைத் துண்டாக்கியது என்றால், இது தம்பதி என்கிற ஏற்பாட்டையே ஆலைக்கு வெளியே தள்ளியது. பெண்களுக்கான இரவு வேலைத் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ல் நீக்கியது. சமத்துவம் என்ற வகையில் அதை எதிர்ப்பதற்கில்லை. ஆனால் இரவு கேட்டுக்குள் போகிறவளின் வீட்டு வேலையை யார் செய்வது என்ற கேள்வியைத் தீர்ப்பு தொடவில்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நாலு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்று அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்டதைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அந்த மூன்று நாள் இரண்டு பேருக்கும் ஒரே நாட்களாக வருமா, வந்தால் அதில் யார் சமைப்பது?

இந்தக் கேள்வியைச் சங்கங்கள் கேட்க வேண்டும். வெளியே கேட்பதற்கு முன்பு செயற்குழுவுக்குள் கேட்க வேண்டும். கூட்டங்களைப் போட்டு நம் வீட்டு மாலைகளைத் தின்றது யார் என்பதும் அந்தக் கேள்விக்குள் அடக்கம்.

சங்க மலருக்கு எழுதிய வரலாற்றில் இப்போது ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். 1986ல் வைண்டிங் பகுதிப் பெண்கள் இருவர் ஒரே நாள் வார ஓய்வு கேட்டு மனு செய்தனர், செயற்குழு அதை ஏற்கவில்லை, குறிப்பேட்டிலும் பதியவில்லை என்று. மனைவியிடம் படித்துக் காட்டினேன். "மாசத்தையும் போடுங்க, ஆவணி" என்றாள். போட்டிருக்கிறேன்.