தேக்கில் மூன்று, எஃகில் எட்டு

மட்டாஞ்சேரியிலிருந்து படகில் எர்ணாகுளம் போகிறவர்கள் தெற்கே திரும்பினால் கொச்சிக் கப்பல் தளத்தின் கிரேன்கள் தெரியும். நான் அங்கே வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தொழில் பழகியது ராணி பத்மினியில். 1981இல் கட்டி முடித்த அதுதான் தளத்தின் முதல் கப்பல், 75,000 டன் சுமப்பது. கொச்சியின் கப்பல் கதையை எல்லாரும் எங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

1821 மார்ச்சில் ‘அலிகேட்டர்’ என்ற போர்க்கப்பல் கொச்சியில் நீரில் இறங்கியது. 1822இல் ‘சமராங்’, ‘டெர்மகன்ட்’. மூன்றும் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டியவை. ஒவ்வொன்றுக்கும் 28 பீரங்கி, 114 அடி நீளம், சுமார் 500 டன். அன்றைய ஏட்டில் ஆறாம் தரக் கப்பல்கள், இன்றைய பேச்சில் கார்வெட்டுகள். அவற்றின் வரைபடம் லண்டனில் போட்டது. மரமும் கையும் நம்முடையவை.

நெப்போலியன் போர்கள் முடிந்தபோது இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிவிட்டது. ஓக்கில் உள்ள புளிப்பு இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஆணி துருவேறாது, கட்டையும் எளிதில் உளுக்காது. மலபார்த் தேக்கால் பம்பாயில் 1817இல் கட்டிய ‘டிரிங்கோமலி’ இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. காட்டுக்குத்தான் கேடு. பெரிய மரங்கள் தீர்ந்துபோக, 1840களில் மலபார் கலெக்டர் கானலியும் அவருடைய வன அதிகாரி சாத்து மேனோனும் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்க வேண்டியதாயிற்று.

அந்த மூன்றும் போன தூரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 1834 மார்ச் 20 அன்று நியூசிலாந்தின் வைட்டாங்கியில் மாவோரித் தலைவர்கள் தங்கள் முதல் கொடியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு 21 குண்டு முழங்கி மரியாதை செய்தது அலிகேட்டர். டெர்மகன்டுக்கு 1824இல் ‘ஹெரால்டு’ என்று பெயர் மாற்றினார்கள். 1840 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி வில்லியம் ஹாப்சனை நியூசிலாந்துக்குக் கொண்டுபோய் இறக்கியது அதுதான்; சில நாளில் மாவோரிகளோடு வைட்டாங்கி உடன்படிக்கை கையெழுத்தானது. சமராங் 1843இல் சரவாக் ஆற்றில் பாறையில் மோதி மூழ்கியது. தூக்கி நிறுத்தினார்கள், மறுபடி கடலளக்கப் போனது. ஆற்றில் மூழ்கி எழுந்தும் கலையாத அந்த உடம்பைச் செதுக்கியவர் யார்? நான் படித்த புத்தகங்களில் கேப்டன்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. வாய்ச்சி பிடித்தவர், பலகை இடுக்கை அடைத்துக் கலப்பத்து அடித்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழித்து, 2019 ஏப்ரல் 30இல், நீர்மூழ்கி வேட்டைக்கான எட்டுச் சிறு போர்க்கப்பல்களுக்கு எங்கள் கொச்சித் தளத்தோடு ஒப்பந்தமானது. 2023 நவம்பர் 30இல் மாஹே, மால்வன், மாங்ரோல் மூன்றும் ஒரே நாளில் நீரில் இறங்கின. நீளம் 78 மீட்டர், நீருக்குள் அமிழ்வது மூன்று மீட்டர்கூட இல்லை. பெரிய போர்க்கப்பல் வரத் தயங்கும் ஆழமில்லாத கரையோரத்தில் ஒளியும் நீர்மூழ்கியைத் தேட வேண்டுமே, அதனால்தான். இவற்றைத் தள்ளுவது தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் வாட்டர்ஜெட். 2025 நவம்பர் 24இல் மாஹே மும்பையில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அதன் சின்னத்தில் களரிப்பயட்டின் உறுமி வாள். இம்முறை வரைபடமும் கொச்சியிலேயே போட்டது. என் மனசில் அதுதான் பெரிய செய்தி.

என் தங்கை மகனும் வெல்டர். “மாமா, உங்க காலத்துல தகடு தடிமன், தப்பிச்சீங்க. இதுல சூடு கொஞ்சம் கூடினாலும் அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும்” என்பான். உண்மைதான். மெல்லிய தகட்டை ஒரே இழுப்பில் பற்றவைக்கக் கூடாது. நடுவிலிருந்து வெளியே, விட்டுவிட்டு, எதிரும் புதிருமாகப் போக வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் சட்டங்கள் பட்டினி கிடந்த மாட்டின் விலாபோல வெளியே தெரியும். சாய்வெயில் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு நாள் மாலை படகில் வரும்போது அந்த வரிசைக் கப்பல் ஒன்று தளத்தை ஒட்டி நின்றது. வெயில் அதன் விலாவில் சாய்ந்து விழுந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தேன். தகடு நேராக இருந்தது.