அஷ்யூரன்ஸ் – ஒரு சொல்லின் வரலாறு

அஷ்யூரன்ஸ் என்ற ஆங்கிலச் சொல் தமிழில் உறுதி, உறுதிமொழி, காப்புறுதி எனப் பல பொருள்களில் வழங்குகிறது. இது பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதன் வேரான 'செக்யூரஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் 'கவலையற்ற' என்பது பொருள். ஒருவரின் கவலையை மற்றொருவர் ஏற்றுக்கொள்வதே இச்சொல்லின் அடிப்படைக் கருத்தாகும்.

ஆங்கிலச் சட்டத்தில் நிலத்தின் உரிமையை மாற்றித் தரும் பத்திரங்களும் இப்பெயரால் அழைக்கப்பட்டன. கொல்கத்தாவின் பத்திரப் பதிவு அதிகாரி ஒருவரின் பதவிப் பெயரில் இச்சொல் இன்றும் நிலைத்துள்ளது.

வணிகத்தில் இது முதலில் கடலோடு தொடர்புடையதாக இருந்தது. வணிகர்களின் காப்புறுதி ஒப்பந்தங்களைப் பற்றி இங்கிலாந்து 1601-இல் ஒரு சட்டம் இயற்றியது. கப்பல் மூழ்கினால் இழப்பு சிலரை நசுக்காமல் பலர்மீது இலேசாகப் பரவும் என்று அச்சட்டம் விளக்கியது. தகராறுகளை விசாரிக்க ஆணையர்களையும் ஏற்படுத்தியது.

ஆயுள் காப்புறுதிக்குக் கணித அடிப்படை பின்னரே அமைந்தது. 45 வயதைக் கடந்தவர் என்பதால் ஓர் ஆயுள் காப்புறுதிச் சங்கம் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியரைச் சேர்க்க மறுத்தது. சேரும் வயதுக்கேற்ப சந்தாவைக் கணக்கிட்டால் எவரையும் சேர்க்கலாம் என்று அவர் காட்டினார். அவர் 1757-இல் இறந்தார். அவரது முறையைப் பின்பற்றி 1762-இல் இலண்டனில் ஈக்விட்டபிள் சங்கம் தொடங்கப்பட்டது. 1826-இல் சார்லஸ் பாபேஜ் தம் நூலில் அஷ்யூரன்ஸ் என்ற சொல்லை ஆயுள் ஒப்பந்தங்களுக்கு மட்டுமே பயன்படுத்தினார். தீயும் கப்பல் சேதமும் நேரலாம், நேராமலும் போகலாம். மரணமோ நிச்சயம் என்று இவ்வேறுபாட்டுக்கு விளக்கம் கூறுவதுண்டு.

இந்தியாவில் 1912-ஆம் ஆண்டின் ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள் சட்டம் அஷ்யூரன்ஸ் என்ற சொல்லைக் கொண்டிருந்தது. 1938-ஆம் ஆண்டின் சட்டம் இன்சூரன்ஸ் என்ற சொல்லையே தலைப்பில் ஏற்றது. 1956-இல் 245 நிறுவனங்களும் சங்கங்களும் இணைந்து உருவான எல்.ஐ.சி.யின் பெயரிலும் இன்சூரன்ஸ்தான் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் இதனைக் காப்பீடு என்கிறோம். இலங்கைத் தமிழில் காப்புறுதி என்பர்.

மக்களாட்சியில் இச்சொல்லுக்கு இன்னொரு பயன்பாடும் உண்டு. அமைச்சர்கள் அவையில் அளிக்கும் உறுதிமொழிகளைக் கண்காணிக்க 1953-இல் மக்களவையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. "பரிசீலிக்கிறேன்" என்று அமைச்சர் சொன்னாலும் அது உறுதிமொழியாகக் கொள்ளப்படலாம். மூன்று மாதங்களுக்குள் அது நிறைவேற்றப்பட வேண்டும். இயலாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு இயங்குகிறது.

பத்திரத்துக்குப் பதிவேடு, கப்பலுக்கு ஆணையர்கள், ஆயுளுக்குக் கணக்கு, அமைச்சரின் சொல்லுக்குக் குழு என ஒவ்வோர் உறுதிக்குப் பின்னும் ஒரு பிடிமானம் இருப்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அந்தப் பிடிமானம் இல்லாத உறுதி வெறும் ஆறுதல் சொல்லாகவே நின்றுவிடும்.