ஈய லம்பம் விட்டுச்சென்ற மணல்

ஈப்போவிலிருந்து கம்பார் போகும் வழியில் குட்டைகளையும் வெள்ளை மணல்திட்டுகளையும் பார்த்திருப்பீங்க. அங்கே ஏன் லேசில் பயிர் வராதுன்னு மாணவர் கேட்டால் என்ன சொல்வீங்க?

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகுக்கே ஈயம் கொடுத்தது. லம்பத்தில் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்தாங்க. கனமான ஈயத்தாது பாலோங் எனும் சாய்வான மரக்கால்வாயில் தங்கியது. மேல்மண்ணும் களிமண்ணும் சேறாகிக் குட்டைகளுக்கு ஓடின. மிஞ்சியது மணல், அதில் நீரும் நிற்காது, உரமும் தங்காது.

1985-இல் ஈய விலை சரிந்தது, லம்பங்கள் மூடின. மேல்மண் மட்டும் திரும்பவில்லை. சிலர் கோழி எருவைக் கொட்டிக் கொட்டித்தான் அங்கே காய்கறி போட்டாங்க.

'ஈயத்தால் வளர்ந்த ஊர்' என்று பாடம் நடத்தும்போது இந்த மணலையும் சேர்த்துச் சொல்லுங்க.